முதல் நர்ஸ் வேலையைப் பெருநகரத்தில் தொடங்கலாமா? ஒரு வார்டு இன்சார்ஜின் பதில்

உங்கள் கேள்வியை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். படிப்பு முடிந்து பதிவு எண்ணும் கைக்கு வந்துவிட்டது. ஒரு பெருநகரத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை உங்களைக் கூப்பிடுகிறது. ஆனால் அங்கே தனி அறை எடுத்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய ஒரு சின்ன மருத்துவமனை. சம்பளம் குறைவு, செலவும் இல்லை. அங்கே இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பிறகு நகரத்துக்குப் போவதா, இப்போதே போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டால் வாடகையைச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பணக் கேள்விதான். ஆனால் கடைசி வரியில் "தாக்குப்பிடிப்பேனா என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருப்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மெடிக்கல் வார்டு, பிறகு ஐசியூ, கடைசி எட்டு வருடம் வார்டு இன்சார்ஜ். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களைச் சேர்த்து, பழக்கி, சிலரை வழியனுப்பியும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்சிங்கிலோ முதியோர் இல்லத்திலோ நான் வேலை பார்த்ததில்லை. அதனால் இது முழுக்க மருத்துவமனை வார்டை வைத்துச் சொல்லும் பதில். சம்பளம், விடுமுறை, பணிச் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தொகை எதுவும் சொல்லப்போவதில்லை.

சுருக்கமாகக் கேட்டால், போங்கள் என்பேன். ஆனால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு உங்கள் கூடவே நிற்க ஒரு சீனியரைப் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள் என்பதற்கு அவர்களிடம் நேரான பதில் இருக்க வேண்டும். நைட் முடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் படுக்கையில் போய் விழக்கூடிய தூரத்தில் உங்களுக்கு இடம் கிடைக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசிச் சமாளிக்கலாம். முதலாவது இல்லையென்றால், இரண்டு மடங்கு சம்பளம் தந்தாலும் போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் வருடம் என்பது இந்தத் தொழிலில் தனி ரகம். மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1974லேயே இதற்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கல்லூரியில் ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்த வேலையை, வார்டில் பத்து நிமிடத்தில், நான்கு பேர் குறுக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியிருப்பதால் வரும் அதிர்ச்சி அது. அடுத்து பாட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1980களில், ஒரு நர்ஸ் புதியவர் என்ற நிலையிலிருந்து கைதேர்ந்தவர் ஆகும்வரை ஐந்து படிகள் இருப்பதாக விளக்கினார். அவர் கணக்கில், புதிதாகப் பட்டம் பெற்றவர் இரண்டாவது படியில் இருப்பார். நடுப்படிக்கு வரவே ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருடம் ஆகும். இதில் 'ஒரே மாதிரியான' என்ற வார்த்தையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சின்ன மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பெரிய மருத்துவமனையின் ஐசியூவுக்குப் போனால், அங்கே நீங்கள் மறுபடியும் கீழ்ப்படியில்தான் நிற்பீர்கள். சேர்த்த அனுபவம் வீணாகாது, ஆனால் அப்படியே முழுசாகக் கூட வரவும் செய்யாது.

இதற்கு மேல் சொல்வது ஆய்வு இல்லை, நான் பார்த்தது. சின்ன இடத்திலிருந்து வந்தவர்களுக்குக் கை வேகம் அபாரமாக இருக்கும். எந்தக் கையிலும் நரம்பைப் பிடித்து கேனுலா (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்டுவிடுவார்கள். ஒருத்தி அப்படி வந்தாள். மற்றவர்கள் இரண்டு முறை குத்தித் தோற்ற நோயாளியை அவளிடம்தான் அனுப்புவோம். ஆனால் ஒரு ராத்திரி, மூச்சுத் திணறல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்த நோயாளியைப் பக்கத்திலேயே நின்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். பழைய இடத்தில் ராத்திரி கூப்பிட டாக்டரே கிடையாது சிஸ்டர், கூப்பிடும் பழக்கமே இல்லை என்றாள். நல்லவேளை, நோயாளி பிழைத்தார். பழக்கம் எங்கே படிகிறது என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் ஊர்ப் பக்க மருத்துவமனையில் நல்ல சீனியர்கள் இருந்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே சேரலாம். அளவில் சின்னது என்பது அதற்குக் குறையே இல்லை.

நேர்முகத்தேர்வில் "பயிற்சி உண்டா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "எத்தனை வாரம் என்னை ஆள் கணக்கில் சேர்க்காமல் வைத்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்த வாரங்களில் உங்களுக்கென்று தனியாக நோயாளிகளை ஒதுக்கக் கூடாது, சீனியரின் நோயாளிகளை நீங்கள் சேர்ந்து பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு எதிரே இருப்பவர் எண் சொன்னால் நல்ல அறிகுறி. "அதெல்லாம் வந்தால் தானாகப் பழகிடும்" என்றால் மூன்றாம் நாளே உங்களைத் தனியாக விட்டுவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போன வருடம் அங்கே சேர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவருடன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மருத்துவமனையின் விளம்பரத்தாளில் கிடைக்காத விவரம் அதில் கிடைக்கும்.

அடுத்தது நோயாளிகளின் எண்ணிக்கை. இதைப் பகலுக்குத் தனியாக, ராத்திரிக்குத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி எண்ணிக்கை பல இடங்களில் சத்தமில்லாமல் கூடிவிடும். நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளை வைத்துச் செய்தது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். நர்ஸ்கள் மனதளவில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று காட்டும் ஆய்வு இது, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபிப்பது இல்லை. ஆனாலும் வார்டில் நின்ற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. கலிஃபோர்னியாவில் ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேர், பொது வார்டில் ஐந்து பேர் என்று சட்டமே இருக்கிறது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் கிடையாது. உங்களுக்குச் சொல்லப்படும் எண்ணை அந்த ஐந்தோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும்.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை மாதம் இருக்க வேண்டும், நடுவில் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். என் முதல் மருத்துவமனையில் நான் படிக்காமல் போட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஏழாவது மாதம் கிளம்ப வேண்டி வந்தபோதுதான் அதில் என்ன இருக்கிறது என்றே தெரிந்தது. நான்கு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்தேன். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அதோடு சரி.

இப்போது பணம். ஆரம்பச் சம்பளம் என்று சொல்லும் தொகையை வைத்து வாடகையைக் கணக்குப் போடாதீர்கள். நைட் அலவன்ஸ், ஓ.டி. (கூடுதல் ஷிப்ட் பார்ப்பதற்கான பணம்) எதுவும் இல்லாமல், பிடித்தம் எல்லாம் போக, கைக்கு வரும் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு? அந்தத் தொகைக்குள் வாடகையும் போக்குவரத்தும் சாப்பாடும் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் அறையை மாற்றுங்கள், அல்லது பங்கு போட ஆள் தேடுங்கள். ஓ.டி. செய்து ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெருநகரத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வாடகை குறைவு என்று தூரமாகப் போய்க் குடியேறுவது. கணக்கைப் பாருங்கள். 12 மணி நேர ஷிப்ட், நோயாளிகளின் விவரத்தை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து அரை மணி நேரம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் வெளியே கழிவது பதினைந்தரை மணி நேரம். மிச்சம் இருக்கும் எட்டரை மணி நேரத்தில் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, துணி துவைத்து, அப்புறம்தான் தூக்கம். அதே பயணம் அரை மணி நேரமாக இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கையில் நிற்கும். வாரத்துக்கு நான்கு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 34 மணி நேரம். ஏறக்குறைய மூன்று ஷிப்ட் நேரத்தைச் சம்பளமே இல்லாமல் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிக்கிறீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் அறைக்கு எவ்வளவு கூடுதல் வாடகை கேட்கிறார்கள் என்பதை இந்த மூன்று ஷிப்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முடிவு பல சமயம் தலைகீழாகிவிடும்.

அறை பார்க்கப் போகும்போது மதியம் போகாதீர்கள். உங்கள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் அங்கிருந்து ஒருமுறை போய் வந்து பாருங்கள். விடியற்காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அறையைப் பங்கு போடுவதென்றால் இன்னொரு நர்ஸோடு போடுங்கள். அலுவலகம் போகிறவரோடு தங்கினால், விடுமுறை நாளில் அவர் பாட்டுப் போடும் நேரம்தான் உங்களுக்கு நடுராத்திரியாக இருக்கும். மருத்துவமனை விடுதி கிடைத்தால் முதல் ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. ஆனால் யாராவது திடீரென்று லீவு போட்டால் இன்சார்ஜ் முதலில் போன் செய்வது விடுதியில் இருப்பவருக்குத்தான். நானே செய்திருக்கிறேன். வேலையை விட்டால் அன்றே படுக்கையும் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் தாமதமாகலாம், முன்பணமும் கட்ட வேண்டியிருக்கும். அதனால் மூன்று மாதச் செலவுக்கான பணத்தோடு கிளம்புங்கள். கடன் வாங்கியாவது நல்ல காலணி வாங்குங்கள்.

நைட் டியூட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், ஸ்கேனுக்கு அனுப்புவது, அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்வது என்று கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி பகலில்தான் நடக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் பகலில்தான் இருப்பார்கள். உங்கள் சுற்று வந்து போட்டால் செய்யுங்கள், பயப்பட வேண்டாம்.

இதில் உறுதியாகத் தெரிந்ததையும் அவ்வளவு உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். நீண்ட ஷிப்ட் தவறுகளைக் கூட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆன் ரோஜர்ஸ் குழு அமெரிக்காவில் 393 நர்ஸ்களைத் தினக்குறிப்பு எழுத வைத்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்தபோது தவறு நடக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997ல் வந்த சோதனை காட்டியது. நைட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லும், மறுபடி 2019லும், இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. ஆனால் அந்த வகைப்பாடு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை. இரண்டு வருடம் நைட் பார்த்தால் நோய் வந்துவிடும் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். தொடர்ந்து நைட் மட்டும் பார்ப்பது நல்லதா, மாறி மாறிப் பார்ப்பது நல்லதா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. எனக்குத் தொடர்ந்து மூன்று நைட், பிறகு இரண்டு நாள் ஓய்வு ஒத்துவந்தது. என் தோழிக்கு அது ஆகவே ஆகாது.

ஓ.டி.க்கு வருகிறேன். என் வார்டில் ஒரு புதுப் பெண், தனி அறை வாடகைக்காக மாதம் ஆறு ஷிப்ட் கூடுதலாகப் பார்த்தாள். நல்ல புத்திசாலி, கேட்டதும் சரி என்பாள். நான்காவது மாதம், தொடர்ந்து ஐந்தாவது ஷிப்டில், 4 யூனிட் இன்சுலின் போட வேண்டிய நோயாளிக்கு 40 யூனிட் எடுத்துவிட்டாள். யூனிட் என்பதை மருத்துவர் 'U' என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதியிருந்தார், அது அவள் கண்ணுக்குச் சுழியமாகத் தெரிந்திருக்கிறது. இன்சுலினை இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் போடக் கூடாது என்ற விதி இருந்ததால் ஊசி போடுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம். தூங்கி எழுந்து வந்தவள் என்றால் 40 என்ற எண்ணைப் பார்த்ததுமே நெருடியிருக்கும். அன்று அவளுக்கு நெருடவில்லை. அந்தக் கூடுதல் ஷிப்டுகளை அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான், ஆள் இல்லாததால் அவள் சரி என்றது எனக்கு வசதியாக இருந்தது. அவள் அடுத்த மாதமே இரண்டு பேரோடு பங்கு போட்டு வேறு அறைக்கு மாறினாள். நானும் அன்றிலிருந்து முதல் ஆறு மாதம் யாருக்கும் ஓ.டி. போடுவதில்லை. இன்சார்ஜ் கேட்டால் மறுப்பது கஷ்டம் என்று தெரியும். "இந்த வாரம் முடியாது சிஸ்டர்" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு தீர்வு சொல்லி உங்களை வரவைத்துவிடுவார்கள்.

செலவுக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று, உங்கள் உடம்பு. சேருவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும், அது வேலை செய்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்று உள்ளவரைக் குத்திய ஊசி பட்டால் 30 சதவீதம் வரை தொற்ற வாய்ப்புண்டு. ஹெச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான், ஆனால் தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். புதியவர்கள் திட்டு விழும் என்று பயந்து ஊசி குத்தியதை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த நிமிடம் போய்ச் சொல்லுங்கள்.

தாக்குப்பிடிப்பேனா என்று கேட்டதற்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் மோசமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, டிரிப்ஸை நிறுத்தினேனா என்று திடுக்கிட்டு எழுந்து வார்டுக்குப் போன் செய்வீர்கள். நான் அப்படி எழுந்து போன் செய்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. துணி வைக்கும் அறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவீர்கள். இதெல்லாம் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பதற்கான அறிகுறி கிடையாது. நான் பார்த்தவரை ஆறாவது மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஒரு வருடம் ஆகும்போது நேற்று வந்த புதியவருக்கு நீங்களே வழி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. சந்தேகம் கேட்டால் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள், நீங்கள் கொடுக்காத மருந்துக்குச் சார்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், தவறைச் சொன்னவரை ஒதுக்கி வைக்கிறார்கள் என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். பதிவு எண் உங்கள் பெயரில் இருக்கிறது, மருத்துவமனையின் பெயரில் இல்லை.

இரண்டு வேலைகளைப் பற்றியும் இவ்வளவு எழுதிய நீங்கள், எந்த இடத்திலும் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று எழுதவில்லை. நகரத்து மருத்துவமனையில் எந்த வார்டு என்பதும் இல்லை. நாளைக்கே இரண்டு இடத்துக்கும் போன் செய்து, நைட்டில் அந்த வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை நர்ஸ், அதில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.